நீளமா, தேர்வா? கொல்ப் மைதானப் புனரமைப்புப் பற்றிய ஒரு மறுப்பு

கொல்ப் மைதானங்களைப் புனரமைப்போரிடையே ஒரு கொள்கை நெடுங்காலமாக ஆட்சி செலுத்தி வந்துள்ளது. மட்டையும் பந்தும் வலுப்பெற்றுவிட்டன. பந்து முன்னரிலும் பார்க்கத் தொலைவு செல்கின்றது. ஆகவே மைதானமும் நீளவேண்டும், ஓரங்களிற் புல் வளரவேண்டும், மரங்கள் நெருங்கவேண்டும் என்பதே அது. கேட்போர்க்கு நியாயம்போலத் தோன்றும் இக்கூற்று ஆட்டத்தின் இயல்பை அறியாமையால் எழுந்ததாகும்.

ரெனிஸ் களத்தின் அளவு உலகெங்கும் ஒன்றே. கொல்ப் மைதானத்துக்கோ அத்தகைய வரையறை இல்லை. அங்கு நிலமே எதிராளி. எனவே நிலத்தைத் திருத்துவோர், தாம் அறிந்தோ அறியாமலோ, எவன் வெல்லத்தக்கவன் என்பதையும் திருத்தி விடுகின்றனர்.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள ஒகஸ்ரா நாஷனல் இதற்குத் தக்க சான்று. பொபி ஜோன்ஸும் அலிஸ்ரர் மக்கென்சியும் அதனை அமைத்தபோது ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் பழைய மைதானத்தையே மனத்திற் கொண்டிருந்தனர். அகன்ற புற்றரை, மிகச் சில மணற்குழிகள், ஓரங்களில் நீண்ட புல் இன்மை ஆகியன அதன் இலட்சணங்கள். பந்தை இழப்பது அங்கு அரிது. ஆயின், கொடி இடப்புறம் நடப்பட்ட நாளில் வலப்புறத்திலிருந்து அணுகாதவன் அதனை நெருங்குவதும் அரிது. எங்கே அடிப்பது என்னும் தேர்வு ஆட்டக்காரனிடமே விடப்பட்டது. தவறாகத் தேர்ந்தவன் அடுத்த அடியிலேதான் தன் தவற்றை உணர்வான். மக்கென்சி 1934 ஜனவரியில் மறைந்தார். அவ்வாண்டு மார்ச்சில் நடந்த முதற் போட்டியை அவர் காணவில்லை. பின்வந்த திருத்தங்களைக் காணாதது அவர் பேறு எனலாம்.

1997இல் ரைகர் வூட்ஸ் அங்கு 270 அடிகளில், 12 அடி வித்தியாசத்தில் வென்றார். கழகம் கலங்கியது. 1999இல் புற்றரையின் ஓரங்களிற் புல் வளர்க்கப்பட்டது. 1997இல் 6,925 யாராக இருந்த நீளம் 2002இல் 7,270 ஆகவும், 2006இல் 7,445 ஆகவும் உயர்ந்தது. 11ஆம் குழியின் வலப்புறத்தில் பைன் மரங்கள் நடப்பட்டன. வூட்ஸுக்கு எதிரான அரண் என்றே பத்திரிகைகள் இதனை வருணித்தன. 2002இல் வென்றவர் யார்? வூட்ஸ். 2005இலும் அவரே!

இதில் வியப்பில்லை. நீளம் கூடும்போது தண்டிக்கப்படுபவன் வலியவன் அல்லன். அவன் நடுத்தர மட்டையோடு தப்பிவிட, மெலியவனோ நெடுமட்டையை எடுக்க நேர்கின்றது. உயர எழுந்து வீழும் பந்தே கிறீனில் நிற்கும். நெடுமட்டையினால் தாழப் பறந்துவரும் பந்து ஓடி அப்பாற் செல்லும். 2007இல் தொலைவு அடிக்காத சக் ஜோன்சன் வெல்லவில்லையா என வினவுவோர் உளர். வென்றார், குளிரும் காற்றும் யாவரையும் முடக்கிய அவ்வாரத்தில், ஐந்தடிக் குழிகளில் ஒருமுறையேனும் இரண்டாம் அடியிற் கிறீனை நாடாது, 289 அடிகளில் வென்றார். அவரை வெல்வித்தது தேர்வே.

இனி, வட கரோலைனாவின் பைன்ஹேர்ஸ்ற் இரண்டாம் மைதானத்தை நோக்குக. டொனால்ட் றொஸ் 1907இல் உருவாக்கிய அதன் மணற்பாங்கான ஓரங்கள் காலப்போக்கிற் பசும்புல்லால் மூடப்பட்டன. 2010இலும் 2011இலும் பில் கூர், பென் கிறென்ஷோ ஆகிய இருவரும் 1943ஆம் ஆண்டின் வான்படங்களைத் துணைக்கொண்டு ஏறத்தாழ 35 ஏக்கர் புல்லை அகற்றினர். நீர் தெளிக்கும் குழாய்முனைகள் 1,150இலிருந்து 450 ஆகக் குறைந்தன. புற்றரை அகன்றது, அதற்கப்பால் மணலும் காட்டுப்புல்லும். அங்கு வீழ்ந்த பந்து நன்கு கிடக்கலாம், புதரின் அடியில் ஒடுங்கியும் கிடக்கலாம். 2014இல் ஆடவர்க்கும் மகளிர்க்குமான அமெரிக்கத் திறந்த போட்டிகள் அடுத்தடுத்த வாரங்களில் அங்கு நடந்தன. ஆடவரில் மூவர் மட்டுமே நிர்ணய அடிகளிற் குறைவாக முடித்தனர். வென்ற மார்ட்டின் கைமர் கிறீனுக்கு வெளியிலிருந்தும் உருட்டு மட்டையையே பல தடவை பயன்படுத்தினார். நீண்ட புல் இன்றியே கடுமை விளையும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நீளம் எப்போதும் கேடு என்பதன்று. ஒகஸ்ராவின் 13ஆம் குழி 2023இல் 510 யாரிலிருந்து 545 யாராக்கப்பட்டபோது, ஓடையைக் கடப்பதா நிற்பதா என்னும் பழைய தயக்கம் மீண்டது என்போர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அதற்கான நிலத்தை அக்கழகம் அயற் கழகத்திடமிருந்து 2017இல் விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்தது. பந்தின் தொலைவைக் குறைக்கும் புதிய சோதனைவிதியை ஆட்டத்தின் இரு ஆளும் அமைப்புகளும் 2023 டிசம்பரில் அறிவித்தபோது, எதிர்ப்புக் கிளம்பியது. பந்தைத் தொடாதீர் என்போர், வேலிக்கு அப்பால் நெடுஞ்சாலை ஓடும் சிறு நகரக் கழகம் எந்நிலத்தை வாங்கும் என்பதையும் கூறவேண்டும்.