சேந்தன் அமுதனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

‘பொன்னியின் செல்வன்’ படம் 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாக வந்தபோது, கதாநாயகன் யார் என்று பெண்கள் நடுவே பெரிய பட்டிமன்றமே நடந்தது. வந்தியத்தேவன்தான் என்பார் ஒருவர். அருள்மொழிவர்மன் என்பார் இன்னொருவர். “அதெல்லாம் இல்ல, கரிகாலன்தான் ஆம்பளை” என்பார் மூன்றாமவர். கல்கி எழுதிய நாவலில் இவர்களைத் தவிர இன்னொரு கதாநாயகனும் இருக்கிறான். அவன் பெயர் சேந்தன் அமுதன். அவனைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவனுக்காகத்தான் இந்தக் கடிதம்.

புத்தகம் படிக்காத சகோதரிகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ பத்திரிகையில் தொடராக வந்த கதை இது. ஐந்து பாகமா என்று மலைக்க வேண்டாம். மதியம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு தினம் இரண்டு அத்தியாயம் படித்தால் ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். சரித்திரக் கதை என்று பெயரே தவிர, காதலும் கிண்டலும் அதில் ஏராளம்.

சேந்தன் அமுதன் தஞ்சாவூரில் ஒரு நந்தவனத்தில், வாய் பேச முடியாத தாயோடு வாழ்கிறான். பூப் பறித்து மாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுப்பதும் தேவாரம் பாடுவதும்தான் அவன் வேலை. வாள் வீச்சுக்கும் அவனுக்கும் வெகு தூரம். அவன் ஆசை வைத்திருப்பது மாமன் மகள் பூங்குழலி மேல். அவளோ கோடிக்கரையில் தன்னந்தனியாகப் படகு ஓட்டுகிறவள்! புயலடித்த கடலிலிருந்து இளவரசர் அருள்மொழிவர்மனையும் வந்தியத்தேவனையும் காப்பாற்றிக் கரை சேர்க்கிறவள். பெரிய வீரனான வந்தியத்தேவன் அவளைத் துரத்திக்கொண்டு ஓடிச் சேற்றில் புதைகிறான். அவள்தான் அவனைக் காப்பாற்றுகிறாள். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீரனையும் அசடு வழிய விடலாம் என்று அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறார் கல்கி.

பூங்குழலியின் மனசு இளவரசரிடம் இருப்பது அமுதனுக்கு நன்றாகத் தெரியும். அப்படியும், இளவரசர் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது அவளோடு சேர்ந்து அவரைப் படகில் ஏற்றி, நாகப்பட்டினம் புத்த விகாரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். எனக்குக் கிடைக்காதவள் எவனுக்கும் கிடைக்கக் கூடாது என்று அரிவாளைத் தேடவில்லை. கடைசியில் பூங்குழலி அவனைத்தான் தேர்ந்தெடுக்கிறாள். அரண்மனை ஆசையை விட்டுவிட்டுப் பூக்காரனைத் தேடி வந்தவள், அவனே உத்தம சோழனாகப் பட்டத்துக்கு வர, ராணியாகிவிடுகிறாள்! உத்தம சோழர் சரித்திரத்தில் நிஜமாக இருந்த ராஜா. பூக்கட்டும் அமுதன் மட்டும் கல்கியின் கற்பனை.

படத்தில் இந்தக் கல்யாணத்தையே விட்டுவிட்டார்கள். பட்டம் மதுராந்தகனுக்குப் போகிறது. அமுதன் தலை காட்டிவிட்டுப் போகிறான். மற்றபடி எனக்குப் படம் பிடித்ததுதான். ஆனால் சண்டைக்கும் குதிரைக்கும் இடம் இருந்தது, பூக்கூடைக்கு இடம் இல்லையே!

“கதைதானே, இதுக்கு ஏன் இவ்வளவு வருத்தம்?” என்று கேட்பீர்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். பன்னிரண்டாவது முடித்துவிட்டுத் துணிக்கடை வேலைக்குப் போகிற பெண். முதலில் வந்த பையன் சீலையம்பட்டி பூ மார்க்கெட்டில் பூ எடுத்து வந்து சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். குடி இல்லை, கடன் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் சொன்னது என்ன தெரியுமா? “பையன் ரொம்பச் சாதுத்தா. பொம்பள மாதிரி உக்காந்து பூக்கட்டுறான். நாளப்பின்ன நாலு பேரு சண்டைக்கு வந்தா என்னத்தச் செய்வான்?” அதோடு அந்தப் பேச்சு முறிந்தது. அடுத்து வந்தவன் வாட்டசாட்டமானவன். முன்கோபி, பெற்ற தாயையே கை நீட்டியவன் என்று விசாரித்ததில் தெரிந்தது. அதற்கு, “ஆம்பளைன்னா அப்படித்தான் இருப்பான். ஒரு பிள்ளை பிறந்தா சரியாயிரும்” என்கிறார்கள். தை மாதம் நிச்சயம் வைக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. நான் குறுக்கே பேசினால், “ஏத்தா, நாவல் படிச்சிட்டு வந்து நியாயம் பேசாத” என்று வாயை அடைக்கிறார்கள்.

நான் கேட்கிறேன், பூக்கட்டுவது எப்போதிலிருந்து பெண் பிள்ளை வேலை ஆனது? கல்யாண மாலை கட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள்தானே? ஆயிரம் பேருக்குப் பந்தி சமைக்கிற மாஸ்டரும் ஆண்தானே? கூலி வாங்கிச் செய்தால் ஆம்பளை, அதையே வீட்டில் பெண்டாட்டிக்குச் செய்தால் பொம்பளையா? நம்ம கம்பம் பக்கம் எத்தனையோ பெண்கள் விடியுமுன்னே ஜீப் ஏறி, மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் திரும்புவதற்குள் உலை வைத்துக் குழம்பு கூட்டி வைக்கிற கணவன்மார் நம் ஊரிலேயே உண்டு. ஆனால் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்கிறார்கள். வெளியே தெரிந்தால் ‘பொண்டாட்டிதாசன்’ என்ற பட்டம் காத்திருக்கிறதே! அந்தப் பட்டத்தைக் கொடுப்பவர்களில் நாமும் உண்டு என்பதுதான் வேதனை.

காளையை அடக்கினவனுக்குத்தான் பெண் என்பது கலித்தொகைக் காலத்துப் பழக்கம். இன்றும் பல்லவராயன்பட்டி ஜல்லிக்கட்டு என்றால் ஊரே திரளும். அந்த வீரத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜல்லிக்கட்டு வருஷத்துக்கு ஒரு நாள். மிச்சம் 364 நாளும் வீட்டுக்குள் அவன் எப்படி இருக்கிறான் என்பதுதான் கட்டிக்கொண்டவளுக்கு முக்கியம்.

நம் அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977-லேயே ‘16 வயதினிலே’ படத்தில் சப்பாணியைக் கதாநாயகன் ஆக்கினார். பரட்டையும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம், சப்பாணி போதும் என்று மயில் முடிவு செய்தபோது எத்தனை பெண்கள் கண் கலங்கியிருப்பார்கள்! ஆனாலும் கடைசியில் சப்பாணி ஒரு கொலை செய்துவிட்டுத்தான் ஜெயிலுக்குப் போகிறான். அமுதனுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. யாரையும் அடிக்காமலே அவன் ஜெயிக்கிறான். வந்தியத்தேவனுக்குத் தங்க இடம் கொடுத்ததற்காகப் பாதாளச் சிறையில் கிடந்தவன் அவன். அவனையா பயந்தாங்கொள்ளி என்பது?

மாத நாவல்களிலும் இதே கதைதான். கதாநாயகன் என்றால் ஆறடி உயரம், அகன்ற தோள், சிடுசிடுத்த முகம். பாதி புத்தகம் வரைக்கும் அவளை அழ வைப்பான். கடைசி நாலு பக்கத்தில் அன்பாகப் பேசுவான், அவளும் உருகிவிடுவாள். கதையில் நாலு பக்கம் பாக்கி இருக்கிறது, சரி. நிஜ வாழ்க்கையில் அந்தக் கடைசி நாலு பக்கம் வராமலே போன பெண்கள் எத்தனை பேர்!

சாதுவாக இருப்பவன் எல்லாம் நல்லவன் என்று நான் சொல்லவில்லை. அமுக்கமாக இருந்து கழுத்தறுக்கிறவனும் உண்டு. விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் மீசையையும் குரலையுமா விசாரிப்பது? கோபம் வந்தால் கையை எங்கே வைத்துக்கொள்கிறான், தாயிடம் எப்படிப் பேசுகிறான், தன்னைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் தானும் சேர்ந்து சிரிக்கிறானா என்று விசாரியுங்கள்.

ஆண் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் ஊசி நூலையோ கரண்டியையோ எடுத்தால் “பொட்டப் பிள்ளை மாதிரி என்னடா இது?” என்று பிடுங்காதீர்கள். அழுதால் “ஆம்பளைப் பய அழலாமா?” என்று அதட்டாதீர்கள். நாளைக்கு நம் வீட்டுக்கு வரப்போகிற மருமகள் நம்மைக் கையெடுத்துக் கும்பிடுவாள்.

பூங்குழலி தனக்கு யார் வேண்டும் என்று தானே சொன்னாள். எங்கள் வீட்டுப் பெண்ணை இதுவரை யாரும் கேட்கவில்லை. நிச்சயத்துக்கு முன் நான் கேட்கத்தான் போகிறேன். உங்கள் வீட்டிலும் தட்டு மாற்றுவதற்கு முன் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், சகோதரிகளே!

– ஒரு இல்லத்தரசி, சின்னமனூர்.