சப்ஸ்ட்ரிங்கின் தனிக்குடித்தனம்

ஒரு மொழியின் புதுப் பதிப்பு வந்து நிரல் உடைந்தால் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. கம்பைலர் திட்டும், திட்டின இடத்தில் திருத்திக்கொள்ளலாம். நிரல் உடையவில்லை, விடையும் மாறவில்லை, ஆனால் நினைவகத்தை மட்டும் பல மடங்கு விழுங்குகிறது என்றால் யாரிடம் போய் முறையிடுவது? 2012 ஆகஸ்டில் ஜாவா 7-இன் அப்டேட் 6-ஐப் போட்டுக்கொண்ட ஆணிபிடுங்கும் மக்கள் பலருக்கு நேர்ந்தது இதுதான்.

எழுத்துச் சரத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க ஜாவாவில் சப்ஸ்ட்ரிங் என்ற மெத்தட் இருக்கிறது. பழைய ஜாவாவில் அது உண்மையில் எதையுமே வெட்டாது. மூலச் சரத்தின் எழுத்துகள் இருக்கும் அதே அரேயைச் சுட்டிக்கொண்டு, எங்கே தொடக்கம், எத்தனை எழுத்து என்று இரண்டு எண்களை மட்டும் குறித்துக்கொள்ளும். கூட்டுக்குடும்பம் மாதிரி: வீடு ஒன்றுதான், ஆளுக்கு ஒரு அறை. பத்து எழுத்தை எடுத்தாலும் பத்து லட்சம் எழுத்தை எடுத்தாலும் செலவு ஒன்றே.

அப்டேட் 6 அந்த இரண்டு எண்களையும் தூக்கி எறிந்துவிட்டது. இனி ஒவ்வொரு சப்ஸ்ட்ரிங்கும் தனக்கென்று புது அரே ஒதுக்கி, எழுத்துகளை நகலெடுத்துக்கொண்டு போக வேண்டும். தனிக்குடித்தனம்!

மாற்றியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பழைய முறையில் ஒரு வில்லங்கம் இருந்தது. 10 மெகாபைட் சரத்திலிருந்து பத்து எழுத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாலும், அந்தத் துண்டு உயிரோடு இருக்கும்வரை 10 மெகாபைட்டையும் கார்பேஜ் கலெக்டரால் தொட முடியாது. ஒரே ஒரு குடித்தனக்காரர் காலி செய்ய மறுப்பதால் மொத்தக் கட்டடத்தையும் இடிக்க முடியாத கதை. வெட்டிய சரத்தை இன்னொரு புதுச் சரமாக நகலெடுத்து வைத்துக்கொள்வது அந்தக் காலத்து ஜாவாக்காரர்களின் கைவைத்தியம். புது முறையில் இந்த வில்லங்கம் தீர்ந்தது, சரம் ஒன்றுக்கு 8 பைட்டும் மிச்சமானது. முடிவு சரியே.

சண்டை அதைச் செய்த விதத்தோடுதான்.

ஒரு பழைய பார்சரை எடுத்துக்கொள்வோம். சரத்தின் முதல் எழுத்தைப் பார்க்கும், மிச்சத்தை சப்ஸ்ட்ரிங் எடுக்கும், மறுபடி முதல் எழுத்தைப் பார்க்கும். செலவு கிடையாது என்று நம்பி அப்படி எழுதினவர்கள் இருந்தார்கள். 1 லட்சம் எழுத்துள்ள சரத்தில் இந்தச் சுற்று முன்பு 1 லட்சம் சின்னச் சின்னப் பொருள்களோடு முடிந்துவிடும். அப்டேட்டுக்குப் பிறகு கிட்டத்தட்ட 500 கோடி எழுத்துகளை நகலெடுக்க வேண்டும். எழுத்துக்கு 2 பைட் வீதம் 1000 கோடி பைட். நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை!

உடனே ஒரு பதில் வரும்: "சப்ஸ்ட்ரிங் எவ்வளவு செலவில் வேலை செய்யும் என்று ஆவணத்தில் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லையே?" வக்கீல் வாதம். மூலநிரல் ஜேடிகேவோடு சேர்ந்தே வருகிறது. பத்தாண்டுக்கு மேல் ஒரே மாதிரி நடந்துகொண்ட ஒன்றை நம்பியவன் முட்டாளா? அப்படியே ஆவணம்தான் வேதம் என்றால், மாற்றுகிற அன்றைக்காவது அதில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அடுத்த பதில், "பிடிக்காவிட்டால் பழைய அப்டேட்டிலேயே இருக்கலாமே." எப்படி இருப்பது? அதே ஆகஸ்டு கடைசியில் ஜாவா 7-இல் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்து, தாக்குதலும் தொடங்கிவிட, ஆரக்கிள் அவசர அவசரமாக அப்டேட் 7-ஐ வெளியிட்டது. அதைப் போட்டால் அப்டேட் 6-இன் மாற்றமும் சேர்ந்தே வரும். ஓட்டையை அடைக்கப் போனவன் தலையில் தனிக்குடித்தனச் செலவும் விழுந்தது.

இப்படித்தான் செய்தாக வேண்டும் என்றும் இல்லை. சி++11 தரம் சரங்கள் அரேயைப் பகிர்ந்துகொள்ள இடம் தரவில்லை. அதனால் ஜிசிசியும் தன் சரத்தை மாற்ற வேண்டி வந்தது. 2015-இல் ஜிசிசி 5 என்ற பெரிய வெளியீட்டில்தான் மாற்றினார்கள், பழையதே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு மேக்ரோவும் கொடுத்தார்கள். கோ மொழியோ பகிர்வதை விடவேயில்லை. நகல் வேண்டுபவர்களுக்காக 2022-இல், 1.18 பதிப்பில், குளோன் என்ற தனி ஃபங்ஷனைச் சேர்த்தது.

ஜாவாக்காரர்களுக்கும் முறை தெரியாமல் இல்லை. 2017-இல் ஜாவா 9 சரத்தின் வயிற்றையே மாற்றியது. லத்தீன் எழுத்துகள் மட்டும் உள்ள சரத்துக்கு எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்றானது. அதற்கு ஜெப் 254 என்று எண் போட்டு, காரணம் எழுதி, எல்லோரும் படிக்க வைத்து, பெரிய பதிப்பில் கொண்டுவந்தார்கள். அணைத்துவைக்க ஒரு சுவிட்சும் இருந்தது.

சப்ஸ்ட்ரிங்குக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அதன் ஆவணப் பக்கத்தில் தொடக்க இடம், முடிவு இடம், எண் தவறினால் என்ன எக்ஸெப்ஷன் எல்லாம் இருக்கிறது. நகலெடுக்கும் செலவைப் பற்றி இன்றைக்கும் ஒரு வரி கிடையாது.