செய்தவரும் செய்வித்தவரும்: சிற்பப் பயிற்சியும் தமிழாய்வின் கடமையும்

பழநிக்கு மேற்கே, நெய்க்காரப்பட்டி வட்டாரத்தில் அமைந்துள்ள ஐவர்மலை தமிழக வரலாற்று ஆய்வாளர் நன்கறிந்த இடமாகும். அங்குள்ள இயற்கைக் குகைத்தளத்தின் முகப்பில் சமணத் தீர்த்தங்கரரின் 16 புடைப்புச் சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. இரண்டாம் வரகுணனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சக ஆண்டு 792உடன் (கி.பி. 870) இணைத்துக் கூறும் கல்வெட்டும் அங்கேயே உள்ளது. பாண்டியர் காலவரிசைக்கு அது பற்றுக்கோடாக விளங்குவதால் அறிஞர் பலரும் அதனை எடுத்தாண்டுள்ளனர். ஆயினும் அக்கல்வெட்டு வேறொரு வினாவையும் எழுப்புகிறது.

பார்சுவநாதர், இயக்கியர் திருவுருவங்களைப் புதுக்கி, வழிபாட்டிற்கும் அடிகள் ஒருவரின் உணவிற்குமாக 505 காணம் பொன் அளித்தவர் சாந்திவீரக் குரவர். அவர் குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் என்பதைக் கல்வெட்டு மறவாது குறிக்கிறது. கொடையாளியின் ஆசிரியர் யாரென்பது 1,150 ஆண்டுகளுக்குப் பின்னரும் நமக்குத் தெரிகிறது. உளி பிடித்தவர் யார், அவருக்குக் கற்பித்தவர் யார் என்பதற்கு அக்கல்வெட்டில் விடையில்லை.

அம்மலையில் ‘அச்சணந்தி செயல்’ என்பது போன்ற குறும்பொறிப்புகளும் உள்ளன. மதுரைச் சமணர்மலைப் பொறிப்புகளோ ‘செய்வித்த திருமேனி’ எனப் பிறவினையாகவே கூறுகின்றன. தன்வினையையும் பிறவினையையும் தெளிவுறப் பகுத்துரைக்கும் மொழி நம்முடையது. அம்மொழியில் எழுதப்பட்ட சான்றுகளில் செய்வித்தவருக்குப் பெயர் உண்டு. செய்தவருக்குப் பெரும்பாலும் இல்லை. விதிவிலக்குகள் சில உள. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிப் பாறையில் கேவாதப் பெருந்தச்சன் முதலான பெயர்கள் காணப்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனைக் குறிப்பிடுகிறது. இங்கும் பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது; அவர்கள் தம் தொழிலை எவ்வாறு கற்றனர் என்பது எஞ்சவில்லை.

பழங்கல்வெட்டு எழுதியோரின் இவ்விடுபாட்டை இன்றைய தமிழாய்வும் தொடர்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. சிற்பம் குறித்த நம் ஆய்வேடுகள் படிமவியல், காலக்கணிப்பு, புரவலர் வரலாறு ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. ஒரு மாணவன் கல்லில் கைவைக்கும் முதல் நாளிலிருந்து தெய்வத் திருவுருவின் கண்ணைத் திறக்கும் நாள் வரை பெறும் கல்வியை அவை அரிதாகவே பேசுகின்றன.

மயமதம், மானசாரம் முதலிய நூல்கள் இருக்க, இக்கல்வியைத் தனியே பதிவு செய்வானேன் என வினவலாம். அந்நூல்கள் அளவை உரைக்கின்றன. முகத்தின் நீளம் ஒரு தாலம் என்றும், ஒரு தாலம் 12 அங்குலம் என்றும், உத்தம தசதாலத் திருவுரு 124 அங்குலம் என்றும் அவற்றின்வழி அறிகிறோம். ஆனால் கருங்கல்லை மரத்தைப்போலச் சீவ இயலாது; உளிமுனையால் சிறுசிறு சில்லுகளாகத் தெறிக்கவே இயலும். வாகை மரத்தில் வேலை செய்வோர் மரத்தின் நார் ஓடும் திசையறிந்து உளியைச் சாய்க்க வேண்டும். கல்லைத் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு ஆண் கல், பெண் கல் எனப் பகுக்கும் முறையை நூல் சொல்லக்கூடும். அவ்வொலி வேறுபாட்டைச் செவிக்குப் பழக்குபவர் ஆசிரியரே. கை எப்போது நிற்க வேண்டும் என்பதை எந்த அளவும் சொல்வதில்லை. உடைந்த மூக்கை மீண்டும் ஒட்டவியலாத ஒரு தொழிலில் அதுவே தலையாய பாடமாகும்.

இப்பாடம் தமிழ்ச் சொற்களின் வழியே நிகழ்கிறது என்பதால் இது தமிழ்த்துறையின் பொருளாகிறது. சுவாமிமலையில் உலோகப் படிமக் கலைஞர் மெழுகுரு அமைக்கையில் தென்னையோலையை உருவின் உயரத்திற்கு நறுக்கி, மடித்து, உறுப்புகளுக்குரிய அளவுகளைக் குறித்துக்கொள்வர். அதற்கு ஒடியோலை என்று பெயர். இச்சொல்லுக்கு அகராதிப் பொருள் எழுதுவது எளிது. ஓலையை மடித்துப் பார்த்தவர்க்கே, அளவு என்பது எண்ணாக அன்றி மடிப்பாகவும் நினைவில் நிற்கக்கூடும் என்பது விளங்கும். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தொழில் வழக்குகள் பலவற்றைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் சொல்லோடு செயலையும் பதிவு செய்யும் வசதி அக்காலத்தில் இல்லை. இன்று அது உண்டு.

நிறுவனவழிக் கல்வியில் இதற்கு முன்னோடிகளும் உளர். 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பட்ட அரசுப் பயிற்சி நிலையம் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. பழநி தண்டாயுதபாணி சுவாமி கோயிலில் தபதியாகப் பணியாற்றிய வை. கணபதி தபதி, பின்னர் அதன் முதல்வராக நெடுங்காலம் விளங்கினார். கன்னியாகுமரியில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய அவரே ‘சிற்பச் செந்நூல்’ என்னும் நூலையும் தமிழில் எழுதினார். கைத்தொழிலும் நூலறிவும் ஒருவரிடத்தே கூடும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் அத்தகையோர் தாமே எழுதும்வரை தமிழ்த்துறைகள் காத்திருத்தல் முறையன்று.

மின்வெட்டு எந்திரங்கள் பட்டறைகளில் நிலைபெற்றுவிட்டன. அவை சிற்பியின் உடல்வருத்தத்தைக் குறைக்கின்றன. அவற்றைப் பழிப்பது ஆய்வாளருக்கு அழகன்று. எனினும் ஒரு கருவி வழக்கொழியும்போது அதனைச் சார்ந்த வினைச்சொற்களும் வழக்கொழிகின்றன. அச்சொற்களை வாயில் வைத்திருக்கும் மூத்த தபதியரின் காலத்திலேயே அவற்றைத் திரட்டியாக வேண்டும்.

ஆகவே மூன்று பணிகள் உடனடியாகத் தேவை. சிற்பக்கலையை ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் முனைவர்பட்ட மாணவர் குறைந்தது ஓராண்டேனும் பட்டறையில் கற்போராக அமர வேண்டும். பட்டறைச் சொற்களை ஒலி, காட்சிப் பதிவுகளுடன் துறைகள் தொகுக்க வேண்டும். அத்தொகுப்பில் சொல் வழங்கிய சிற்பியின் பெயரும், அவர் விரும்பினால் அவருடைய ஆசிரியரின் பெயரும் இடம்பெற வேண்டும். ‘தகவலாளி’ என ஒரு சொல்லில் அவரை அடக்கிவிடுதல் கூடாது.

சாந்திவீரக் குரவரை அவருடைய ஆசிரியர் பெயரோடு நாம் அறிகிறோம். அவருடைய திருவுருவங்களைப் புதுக்கிய கையை இனி அறிய வழியில்லை. இன்று அதே வட்டாரத்தில் உளி பிடிப்போர்க்கும் அந்நிலை நேருமாயின், கல்வெட்டு எழுதியவரைக் குறைகூற நமக்கு உரிமை இராது.