வயிற்றில் தையல்; தலையில் மீன் கூடை!

பெருங்குடல் புற்று நோய்க்கு ஆபரேஷன் செய்து கொண்டவர் குறைந்தது ஆறு வாரம் பளு தூக்கக் கூடாது. டாக்டர்கள் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். காசிமேட்டில் மீன் கூடை சுமப்பவரும், துறைமுகத்தை ஒட்டிய குடோன்களில் மூட்டை இறக்குபவரும் அந்த ஆறு வாரம் எதைச் சாப்பிடுவது? அதைச் சொல்ல ஆள் இல்லை.

ஆபரேஷனுக்கு வடசென்னையில் வழி உண்டு. பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் வேர் விட்ட இடம். வயதானவர்களுக்கு அது இன்னும் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி"தான். குடல் ஆபரேஷனுக்கென்றே அங்கு தனிப் பிரிவு இயங்குகிறது.

சிக்கல் ஆரம்பமாவது வீடு திரும்பும் ஆட்டோவில்! எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் வரும். ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக் கொண்டால் குலுக்கல் கொஞ்சம் தாங்கும். இருமும்போதும் அப்படித்தான்.

வலி பொறுப்பது வீரமா?

"ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு வலியா?" என்று கேட்க நாலு பேர் வருவார்கள். நோயாளியும் பல்லைக் கடித்துக் கொண்டு கிடப்பார். இது பெரிய தப்பு. வலிக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும். வலி உச்சிக்கு ஏறும்வரை காத்திருக்காமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்கு மாத்திரை போட வேண்டும். அதற்காகக் கடையில் கிடைத்ததை வாங்கி விழுங்கக் கூடாது. குடலை இணைத்த இடம் ஆற வேண்டுமே! காய்ச்சல் அடித்தாலோ, வயிறு உப்பி வாந்தி வந்தாலோ விடியும்வரை பார்க்காமல் ஓட வேண்டியதுதான்.

சிலருக்கு மலம் போக வயிற்றில் துளை போட்டு, பை மாட்டி அனுப்புகிறார்கள். பத்து குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், லாரித் தண்ணீருக்குக் குட வரிசை. அங்கே அந்தப் பையை எங்கே கழுவுவது? கூச்சத்திலேயே வாசலுக்கு வராமல் முடங்கிப் போனவர்கள் உண்டு.

வியாசர்பாடியில் பந்து உதைக்கும் பையன்களுக்கெல்லாம் தெரிந்த பீலேவுக்கும் இதே நோய்தான். 2021 செப்டம்பர் 4-ந் தேதி பிரேசிலில் ஆபரேஷன். 30-ந் தேதிதான் வீட்டுக்கு விட்டார்கள். அப்போது அவருக்கு வயது 80. மறு வருஷம் டிசம்பரில் காலமானார்.

இங்கே மூன்றாவது வாரமே கூடை தலைக்கு ஏறிவிடுகிறது. வீட்டு வாடகை காத்திருக்குமா? உள்தையல் விட்டு, குடல் பிதுங்கி, மறுபடியும் ஆஸ்பத்திரி வாசல்!

இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்குப் புற்று நோய் வந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு வருஷம்வரை கிடைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் மேஸ்திரி கணக்கில் பேரே இல்லாத கூலிக்கு ஏது அட்டை? கூடை சுமக்கும் அம்மாவுக்கு ஏது முதலாளி?

மீன் குஞ்சு பெருக வேண்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலில் தடை போடுகிறார்கள். அந்த நாட்களுக்கு மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் தருகிறது அரசாங்கம். சரியான காரியம். வயிறு ஆற வேண்டியது 42 நாள்தான். அதற்கும் ஒரு நிவாரணம் கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது.

வீடு தேடிப் போய் நோயாளியைக் கவனிக்கும் திட்டம் 2021 ஆகஸ்டிலேயே தொடங்கியது. டிஸ்சார்ஜ் சீட்டோடு முதல் இரண்டு வாரப் பணம் கையில் வரட்டும். மீதியை, வீட்டுக்கு வரும் நர்ஸ் தையலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் கொடுக்கட்டும். மாற்றுப் பைகளையும் அவரே கொண்டு வரலாம்.