குழந்தையின் சோற்றுக்கு வாய்தா கூடாது

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கடற்கரைக் குப்பத்துத் தாய் ஒருவர் ஜீவனாம்சம் கேட்டு அங்குள்ள குடும்பநல நீதிமன்றத்துக்கு வந்தால், அன்றைய கூலி போயிற்று. வாய்தா விழுந்தால் இன்னொரு நாள் கூலியும் போகும்.

சட்டத்தில் குறையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு, பெற்றோர் மணமுடித்தவர்களா என்று பார்ப்பதில்லை. தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத குழந்தைக்குப் பராமரிப்புத் தொகை உண்டு. நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள், இயன்றவரை, இடைக்காலத் தொகையை முடிவுசெய்யவும் சொல்கிறது. மணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிடாமலும் அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமலும் பாதுகாவலராகலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிக்கல் வருமானக் கணக்கில் இருக்கிறது. ஃபைபர் படகில் போகிறவருக்கோ, சிற்பக்கூடத்தில் உளி பிடிப்பவருக்கோ சம்பளச் சீட்டு ஏது? ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. காகிதம் இல்லாத இடத்தில் படகு, வலை, எஞ்சின், செய்துமுடித்த சிலை வேலை ஆகியவற்றை வைத்து நீதிபதி வருமானத்தை மதிப்பிட வேண்டும்.

தந்தைக்கும் நியாயம் வேண்டும். பிரிந்திருக்கும் பெற்றோர் வீடியோ அழைப்பில் பிள்ளையிடம் பேச வழிசெய்யலாம் என்பதை யஷிதா சாஹு வழக்கில் அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் வழிவகுக்கிறது. செங்கல்பட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மாதம் ஒருநாள் மாமல்லபுரத்தில் முகாமிட்டு, ஜீவனாம்ச மனுக்களை அங்கேயே எழுதித் தர வேண்டும்.