குகை மீன் சீரழியவில்லை

"குகை மீன் கண்ணை இழந்தது வெறும் சீரழிவு, உபயோகிக்காத உறுப்பு தேய்ந்து போனது, இதில் பரிணாமம் எங்கே?" என்று கேட்கிறார் ஒரு கட்டுரையாளர். மெக்சிகோவின் சியெரா டெ எல் அப்ரா குகைகளில் வாழும் அஸ்டியானக்ஸ் மீன் அவருக்குப் பதில் வைத்திருக்கிறது.

அந்த மீனின் கருவில் கண் உருவாகத் தொடங்குகிறது. பிறகுதான் லென்ஸ் செல்கள் மடிகின்றன. 2000இல் ஆய்வாளர்கள் யமமோட்டோவும் ஜெஃப்ரியும் வெளியே ஆற்றில் வாழும் அதே இன மீனின் லென்ஸை எடுத்துக் குகை மீனின் கருவில் பொருத்தினார்கள். கண் வளர்ந்தது! தேய்ந்தே போன உறுப்பு இப்படி மீண்டு வருமா?

கண்ணைக் கைவிடச் செய்யும் அதே மரபணுச் சமிக்ஞைதான் சுவை மொட்டுகளைக் கூட்டுகிறது. இருட்டில் இரை தேட அவைதான் வேண்டும். தவிர, கண்ணும் அதற்குரிய மூளைப் பகுதியும் இளம் மீனின் ஓய்வுநிலை ஆற்றலில் சுமார் 15 சதவீதத்தை விழுங்குகின்றன. உணவு அரிதான குகையில் இது தாங்க முடியாத செலவு. இயற்கைத் தேர்வு வேலை செய்யும் இடம் இதுவே.

டார்வினும் குகை விலங்குகளின் கண் இழப்பை உபயோகமின்மையின் கணக்கில்தான் எழுதினார். அவர் காலத்தில் மரபணு அறியப்படவில்லை. இன்று எழுதுபவர் அதையே திரும்பச் சொல்வது மன்னிக்க முடியாத அலட்சியம்.