முதற் கணினிக்கு இயைபே முதல்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் ஓடுவது அச்சும் சக்கரமும் ஒன்றற்கொன்று இயைதலாலன்றோ? சிறுபொருள் கொண்டு தம் கையாற் கணினி அமைக்க விழையும் மாணாக்கர்க்கு நாம் கூறுவதும் இதுவே: மலிவை நோக்குமுன் இயைபை நோக்குக.

டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இருவகை ராமிற்கும் 288 முனைகளே உள. ஆயினும் வெட்டுவாய் வேறிடத்து அமைந்தமையால் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகாது. புகுவனவெல்லாம் இயங்கும் எனவும் கொள்ளற்க. 2018-இல் வந்த பி450 மதர்போர்டில் 2021-இன் ரைசன் 5600ஜி நன்கு அமரும். பயாஸ் பழையதாயின் திரையில் ஒன்றும் தோன்றாது. ஆதலின் மதர்போர்டு செய்தவர் வெளியிடும் பட்டியலைக் கண்ட பின்னரே பணத்தை எடுத்தல் வேண்டும்.

கிராபிக்ஸ் அட்டையைப் பின்னர் வாங்கலாம். 5600ஜி-இல் அவ்வாற்றல் உள்ளடங்கியுளது. எஸ்.எம்.பி.எஸ்-இல் மட்டும் சிக்கனம் வேண்டா. அது கெடின் ஏனையவற்றையும் கெடுக்கக்கூடும். பெற்றோர் வியர்வையிற் பிறந்த பணம் பொருந்தாப் பொருளிற் புதைதலாகாது.